கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ராணுவ லாரி

எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் இருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். பிலோமினா அக்கா இறந்துபோன செய்தி காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க, எனக்கு மட்டும் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. லாக்கரைத் திறந்து போனைக் கையில் எடுத்ததும் அது நிற்காமல் அதிர்ந்தது. பழைய கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் யாரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக அக்காவின் லாரிப் படத்தைப் போட்டிருந்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில், மூக்கு நீண்ட, பழைய ராணுவ லாரி. சிலர் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம், சிலர் கட்டிலும் பீரோவும் ஏற்றி முடித்த கையோடு எடுத்த படம். அக்கா உடம்பு முடியாமல் படுத்திருந்தது எங்களுக்குத் தெரியும். கேட் வாசலில் நின்று அந்தப் படங்களைத் தள்ளத் தள்ள எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேராக அக்காவின் ஊரான சேரப்பணஞ்சேரிக்குப் போனேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடலாம் என்று அக்காவின் கணவர் சின்னப்பன் அண்ணன் சொன்னார். அதில் என்னை எழுதச் சொன்னதும் அவர்தான். இதை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த லாரியில் சாமான் ஏற்றியவர்களாக இருப்பீர்கள். மீதிப் பேருக்கு, அக்காவை அறியாதவர்களுக்கும் சேர்த்து, முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். படிப்பு முடித்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தபோது, காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எங்கள் லைன் லீடர் பிலோமினா அக்கா. சேரப்பணஞ்சேரியிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ஒருவர் ஏதோ கேட்க, நான், “அங்கனதான் வச்சிருக்கேன் சார், நீங்க பாக்கலியா” என்றேன். அவர் அதை அப்படியே ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார். லைனே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வயரைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்து, “அவ பேசறது புரிலன்னா நீங்க கத்துக்கோங்க சார். அவ இன்னாத்துக்கு மாத்திக்கணும்?” என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து நான் அவருக்குப் பேச்சி ஆனேன். என் முழுப்பெயர் முத்துப்பேச்சி என்பது அவருக்குக் கடைசிவரை தேவைப்படவில்லை.

சில வருடங்களில் அந்தக் கம்பெனி தன் வேலையையெல்லாம் வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு எங்களுக்குக் கணக்கு முடித்தது. அந்த வாரம் ஒரகடத்துத் தெருக்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். சிலர் ஊருக்கு, சிலர் ஸ்ரீபெரும்புதூருக்கு, சிலர் வாடகை குறைந்த வேறு அறைக்கு. டெம்போக்காரர்கள் கேட்டதுதான் வாடகை.

நானும் அப்போது பென்னலூர்ப் பக்கம் ஓர் அறைக்கு மாறினேன். டெம்போ ஓட்டி வந்த ஆள் வழி முழுக்க, தனியாகத்தான் இருக்கப் போகிறாயா, வீட்டுக்காரர் கீழேயே குடியிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே வந்தான். சாமான்களை இறக்கிய பிறகும் போகவில்லை. தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு உள்ளே வந்து கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டான். நான் அக்காவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, வேண்டுமென்றே சத்தமாக, “எப்பக்கா வாரீங்க, இன்னும் காணலியே” என்று கேட்டேன். வருவதாக அவர் என்னிடம் சொல்லியிருக்கவே இல்லை. ஆனால் ஒரு நொடிகூடத் தடுமாறாமல், “தோ, தெருமுனையில கீறேன், அண்ணனும் கூட வர்றாரு” என்றார். அந்த ஆள் போய்விட்டான். அக்கா ஸ்கூட்டரில் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் என் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்: “பொண்ணுங்க வூடு மாத்தற வண்டில ஒரு பொம்பள இருக்கணும், பேச்சி.”

லாரிக்கு வித்து அந்த ஒரு வாக்கியம்தான். ஆனால் அவர் அன்று மனத்தில் நினைத்தது லாரி அல்ல.

படப்பையில் சுல்தான் பாய் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். ராணுவத்தில் கழித்துப்போட்ட வண்டிகளை அரசாங்கம் ஏலம் விடுகிறது, கவனமாகப் பார்த்து எடுத்தால் நல்ல வண்டி கிடைக்கும் என்று அக்காவிடம் சொன்னவர் அவர். ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்து, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுச் சாமான் வண்டியாக்கலாம் என்பது திட்டம். கம்பெனி கொடுத்த பணம் அக்காவிடம் இருந்தது. அதை வைத்து வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று சின்னப்பன் அண்ணன் நினைத்திருந்தார். அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஹெவி வண்டிகளிலேயே வாழ்ந்தவர். அவர் சண்டை போடவில்லை. “பழைய வண்டி வாங்கறதும் யானை வாங்கறதும் ஒண்ணு. தீனி போட்டுக்கினே இருக்கணும். உன் காசு, நீ வாங்கு. ஆனா நான் அதுல கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அக்காவும் சோறு போட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏலத்துக்கு முன்னால் வண்டிகளை நேரில் பார்க்க ஒரு நாள் விடுவார்கள். ஆவடிப் பக்கம் இருந்த கிடங்குக்கு அக்கா, சுல்தான் பாய், நான் மூவரும் போனோம். கேட்டில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி உள்ளே போனால், இடுப்பளவு புல்லில் வரிசை வரிசையாகப் பச்சை வண்டிகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்ட்டில் ஓர் எண். பார்க்க வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகள். அவர்களில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், யாருக்காக வந்திருக்கிறோம் என்று விசாரித்தார். தனக்காகத்தான் என்றார் அக்கா. ஓட்டவா உடைக்கவா என்று அடுத்துக் கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். “ஓட்டத்தான். உடைக்கிறதுக்கு நீங்க இருக்கீங்களே” என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, எந்த வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கிறது, எதில் எஞ்சினே இல்லை என்று காட்டிக் கொடுத்தார்.

ஆம்புலன்ஸைப் பார்த்தோம். பாய் அதன் அடியில் படுத்து எழுந்து, திருப்தியாகத் தலையாட்டினார். திரும்பும் வழியில்தான் அந்த லாரி இருந்தது. வரிசையின் கடைசியில், பாதிச் சக்கரம் மண்ணில் இறங்கி, பேட்டரி இல்லாமல், பின்பக்கப் பலகைக்கு மேல் ஒரு வேப்பங்கன்று முளைத்து நின்றது. வந்தவர்களில் ஒருவர்கூட அதன் பக்கம் போகவில்லை. அக்கா போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பார்த்தார். “பாய், இதுல ரெண்டு வூட்டுச் சாமான் ஏறும்ல?” என்று மேலிருந்து கேட்டார். “மூணு ஏறும். ஆனா கியர் பாக்ஸ் இன்னா கதையோ தெரிலயே, வாணாம்மா” என்றார் பாய். அக்கா இறங்கும்போது அந்தக் கன்றை வேரோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஏலம் கம்ப்யூட்டரில்தான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். பட்டனை அழுத்துவது என் வேலை. எவ்வளவு என்று சொல்வது அக்காவின் வேலை. பாய் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குக் கடைசி நேரத்தில் போட்டி கிளம்பியது. முடியப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் யாரோ விலையை ஏற்றினார்கள், ஏற்றியதும் ஏல நேரம் நீண்டது. எங்களால் எட்ட முடியாத இடத்துக்கு அது போய்விட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அந்த லாரியின் எண் இருந்தது. அதற்கு ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

“இத அமுக்கு, பேச்சி.”

“எக்கா, பாய்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமா?”

“அவரு வாணாம்னுதான் சொல்வாரு. நீ அமுக்கு.”

அமுக்கினேன். கடைசிவரை எங்களுக்கு எதிராக யாரும் வரவில்லை. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏன் அக்கா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறார்: விலை குறைவு, இடம் பெரிசு, நாலு சக்கரமும் இழுக்கும் என்றெல்லாம். என்னிடம் சொன்னது இது: “யாருமே கேக்காம நின்னுகினு இருந்துச்சு. எனக்கு அது புடிக்கல.”

எங்கே எப்படி நிற்கிறதோ அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏலத்தின் விதி. குறிப்பிட்ட நாளுக்குள் எடுத்தாக வேண்டும். மண்ணைத் தோண்டிச் சக்கரத்தை விடுவித்து, வேறு டயர் மாட்டி, இன்னொரு லாரியின் பின்னால் இரும்புக் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அந்த ஊர்வலத்தை எப்படிச் சொல்வது? முன்னால் இழுக்கும் லாரி ஆமை வேகத்தில் போகிறது. பின்னால் அந்தப் பச்சை மலையின் ஸ்டீயரிங்கைப் பாயின் மைத்துனர் பிடித்திருக்கிறார். அவர் பக்கத்தில் அக்கா, ஜன்னலில் கை வைத்துக்கொண்டு. நானும் பாயும் பைக்கில் பின்தொடர்கிறோம். ஒரகடம் சாலைக்கு வந்தபோது ஷிஃப்ட் மாறும் நேரம் ஆகிவிட்டது. எங்கள் பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்று ஹார்ன் அடித்தன. முதலில் நின்ற பஸ் மட்டும் ஹார்ன் அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஓட்டிக்கொண்டு வந்தவர் சின்னப்பன் அண்ணன்.

அவர் முந்தவும் முயலவில்லை. எங்கள் வேகத்திலேயே, கொஞ்சம் இடம் விட்டு, பின்னால் வந்த யாரும் உரசிக்கொண்டு போக முடியாதபடி பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி கேட் வந்ததும் பஸ்ஸை உள்ளே திருப்பிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலை அடைத்து நின்ற லாரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், “இன்னிக்கு பி ஷிஃப்ட் லேட்டானதுக்கு நீதான் காரணம்” என்றாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “வண்டி வாங்கறது பெரிசில்ல பேச்சி. வாங்கிட்டேன்னு வூட்ல சொல்றதுதான் பெரிசு. நான் சொல்லவே வேணாம்னு வழியிலயே காட்டிட்டேன்.”

பாய் அதைச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. எஞ்சின் நன்றாக இருந்தது. கியர் பாக்ஸ் அவர் பயந்தபடியே இருந்தது. அண்ணன் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; ஒரு விரல் படவில்லை. தவறிப்போய்ச் சட்டை உரசினால்கூடத் தட்டிவிட்டுக்கொள்வார் என்று அக்கா சொல்வார். அக்காவும் அவரிடம் உதவி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் அந்த லாரி உண்மையிலேயே ஒரு மலையாகத்தான் நின்றது. வெளியே சிரித்தாலும் அக்காவுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். மாடியில்லாத வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் ஒரு கணம் மாறும்.

ராணுவப் பச்சையில் தனியார் வண்டி ஓடக் கூடாது, நிறத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஆர்டிஓ ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எந்த நிறம் என்பதில் ஊரே கலந்துகொண்டது. வெள்ளை அடித்தால் அழுக்குத் தெரியும், சிவப்பு அடித்தால் தீயணைப்பு வண்டி என்பார்கள், மஞ்சள் பள்ளிக்கூடத்துக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா நேராகப் பெயிண்ட் கடைக்குப் போய்க் கத்தரிப்பூ நிறத்தைக் கைகாட்டினார். மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலத்தின் நிறமாக இருக்கிறதே என்று தயங்கினார். “அதான் சாமி, கஷ்டப்படற நேரத்துல வர்ற வண்டி” என்றார் அக்கா. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். எங்களிடம் சொன்ன காரணம் வேறு. இந்தச் சாலையில் வேறு எந்த வண்டிக்கும் இந்த நிறம் கிடையாது. எந்த வண்டி வருகிறது என்று எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வராது.

முதலில் பாயின் மைத்துனர் ஓட்டினார், அக்கா கூடப் போனார். பிறகு அக்காவே ஹெவி லைசென்ஸ் எடுத்தார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பென்னலூர் என்று அந்த லாரி போகாத தெரு இல்லை. அதில் சாமான் ஏற்றிய எல்லோரும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வீர்கள். நம்மில் பலரிடம் ஏற்றுவதற்குச் சாமானே இருக்காது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு பக்கெட். அவ்வளவு பெரிய லாரியின் முன்னால் அதை வைத்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருக்கும். அக்கா அதைக் கண்டுகொண்டுவிடுவார். “இன்னா பாக்கற? பக்கெட்டும் சாமான்தான். ஏத்து” என்பார். ஏற்றிய பக்கெட்டைக் கயிறு போட்டுக் கட்டவும் செய்வார், பீரோவைக் கட்டுகிற அதே அக்கறையோடு.

இனி நான் சொல்லப் போவது ஹாஸ்டல் பூட்டிய அன்று நடந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் சிலர் இப்போது பிள்ளை குட்டிகளோடு தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். நான் சொல்வதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் திருத்துங்கள்.

ஒரகடத்தில் ஒரு காண்ட்ராக்டர், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தன் வேலைப் பெண்களைத் தங்க வைத்திருந்தார். வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்காமல் ஒருநாள் அவர் காணாமல் போனார். வீட்டுக்காரர் பார்த்தார், பெண்கள் முதல் ஷிஃப்டில் இருந்தபோது மாடியைப் பூட்டிவிட்டார். பிற்பகல் திரும்பி வந்த பெண்கள் துணிமணி, சான்றிதழ் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, யூனிஃபார்மோடு தெருவில் நின்றார்கள். அவர்களில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

நான் போய்ச் சேரும்போது அக்கா லாரியோடு வந்து, வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் குடியிருந்ததும் அதே காம்பவுண்டில்தான். இரண்டுக்கும் ஒரே கேட். காண்ட்ராக்டர் வந்து கணக்கைத் தீர்க்கட்டும், அதுவரை ஒரு துணிகூட வெளியே போகாது என்றார் அவர். பெண்கள் அவருக்குப் பாக்கி வைக்கவில்லையே என்று அக்கா பணிவாகவே கேட்டார். அதையெல்லாம் காண்ட்ராக்டரிடம் கேட்டுக்கொள் என்றார். அக்கா, “சரிங்க” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தார். கேட்டுக்குக் குறுக்காக வந்ததும் லாரி நின்றுவிட்டது. அக்கா இறங்கிப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கவலையாக உள்ளே பார்த்தார்.

மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பந்தல் சாமான் ஏற்றிய வேன் வந்தது. உள்ளே போக வழியில்லை. அதன் பின்னால் சமையல் பாத்திரம் ஏற்றிய வேன். வீட்டுக்காரர் வெளியே வந்து சத்தம் போட்டார். தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். அவன் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இது மிலிட்டரி வண்டி, தனக்குத் தெரியாது என்று போய்விட்டான். தள்ளிப் பார்த்தார்கள். அது அசைகிற ஜாதி இல்லை.

அப்போதுதான் அந்தத் தெருவில் காலி பஸ் ஒன்று வந்து வழியில்லாமல் நின்றது. ஓட்டியது சின்னப்பன் அண்ணன். வீட்டுக்காரருக்கு அவர் யாரென்று தெரியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, பெரிய வண்டி ஓட்டுகிறவர்தானே, இதைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் இறங்கி வந்தார். தெருவில் நிற்கும் பெண்களைப் பார்த்தார். பூட்டிய மாடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் பக்கத்திலிருந்து கண்டேன். அண்ணன் சாவியைத் திருப்பினால் அந்த வண்டி உடனே கிளம்பும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அண்ணன் கதவைத் திறந்து ஏறினார். அத்தனை நாள் தொடாத ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தார். கிளட்ச்சை மிதித்தார், கியரை முன்னும் பின்னும் ஆட்டினார். சாவியை மட்டும் தொடவே இல்லை. பிறகு தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

“செல்ஃப் எடுக்கல சார்.”

“இப்ப இன்னாதான் பண்றது?” என்றார் வீட்டுக்காரர்.

“இது ராணுவத்து வண்டி. காலியா இருந்தா கிளம்பாது. லோடு ஏத்தணும்.”

அப்படி ஒரு வண்டி உலகத்தில் கிடையாது. வீட்டுக்காரர் அண்ணனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அப்போது அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். அவ்வளவு நேரமும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “நாளைக்கு நம்ம பொண்ணுக்கு நல்ல காரியம். இந்தப் பொண்ணுங்க நம்ம வாசல்ல அழுதுகினு நின்னா நல்லாவா கீது? சாவியக் குடு” என்று கணவர் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்து எங்கள் ஊர்ப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அன்று என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது.

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். டிரங்குப் பெட்டிகள், பாய்கள், பக்கெட்டுகள். பந்தல் வேனில் வந்த ஆட்களே பாதியை ஏற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வந்த அண்ணன், ஏற்றி முடித்ததும் மறுபடி லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பலில் கிளம்பியது. “நான் ஓட்றேன், ஏறு” என்றார் அக்காவிடம். அக்கா மறுபக்கம் சுற்றிப்போய் ஏறினார். பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு, பெண்களைக் கொஞ்ச நாள் தங்க வைப்பதற்காகச் சேரப்பணஞ்சேரி கோவில் மண்டபத்துக்கு லாரியை அண்ணன்தான் ஓட்டினார். நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்குக் கிட்டே வந்தபோது அண்ணன், “கியர் பாக்ஸ் நல்லாத்தான் பண்ணியிருக்கான் பாய்” என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்றார்.

அந்த வருடம் போகும் முன்பே அண்ணன் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு லாரிக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு மாடியும் வந்தது. லாரி சம்பாதித்துக் கட்டியது. அதில் வாடகைக்கு வந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகும் பெண்கள்தான்.

எல்லா வண்டிக்கும் ஒரு வயது உண்டு. ஓடத் தகுதி உண்டு என்று தரும் எஃப்சி கிடைக்காமல் அந்த லாரியை உடைக்கக் கொடுக்க வேண்டி வந்தபோது, அக்காவின் வயிற்றில் புற்று என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நான் ரொம்பப் பயந்து அவரைப் பார்க்கப் போனேன். அவர் சாதாரணமாக இருந்தார். “அதுக்கும் ரிட்டயர்மெண்ட் வாணாமா? ராணுவத்துல பாதி, நம்மகிட்ட பாதி. போதும்” என்றார். அதை இழுத்துக்கொண்டு போனபோது அழுதவர் அண்ணன். அக்காதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி வாரங்களில் பேசுவதற்கே சிரமப்பட்டார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப எந்த ரூம்ல கீற?” என்று கேட்டார். சொன்னேன். “தண்ணி நல்லா வருதா?” என்றார். வருகிறது என்றேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டம் கொள்ளவில்லை. ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர்கள், ஊரிலிருந்து பஸ் பிடித்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அக்காவின் உறவுக்காரர் ஒருவர், இவர்களெல்லாம் யார் என்று அண்ணனைக் கேட்டார். “எங்க வூட்டுப் பொண்ணுங்க” என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

என்னிடம் அக்காவினுடையதாக என்ன இருக்கிறது என்று இதை எழுத உட்கார்ந்தபோது யோசித்தேன். பொருள் ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் மாடிக்கு இரண்டு புதுப் பெண்கள் குடி வந்தார்கள், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் சாமான் வந்து நின்றது. ஓட்டுநர் கட்டிலை முதலில் இறக்கப் போனான். நான் கீழே இறங்கிப் போய், அதை அப்படியே விடச் சொல்லிவிட்டு, ஸ்டவ்வையும் தண்ணீர்க் குடத்தையும் தேடி எடுத்து மேலே கொண்டுபோனேன். அக்கா எந்த வீட்டுச் சாமானை ஏற்றினாலும் இவை இரண்டையும் கடைசியில்தான் ஏற்றுவார், முதலில் இறங்க வேண்டும் என்பதற்காக. கட்டில் வராத வீட்டில்கூட அடுப்பு எரிந்துவிடும். ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் மற்றதை இறக்க விடுவார். அந்தப் பிள்ளைகளுக்குப் பாலும் தூளும் என் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெறுந்தரையில் ஸ்டவ்வை வைத்துப் பற்ற வைத்தாள் ஒருத்தி. ஓட்டுநரையும் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்தோம். எல்லாச் சாமானும் கீழே தெருவில் வண்டியில் இருக்க, காலி அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாங்கள் டீ குடித்தோம்.